டிஜே மென்பொருள் சொற்கள்: செட்டிநாட்டு மைக்செட் தொழிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் மைக்செட் வைத்திருப்பவர்கள் லேப்டாப்பும் கண்ட்ரோலரும் (டிஜே மென்பொருளைக் கையால் இயக்கும் பொத்தான் பலகை) வாங்கி டிஜே வேலைக்கும் இறங்கும்போது, கையில் உள்ள தொழில் தடுமாறுவதில்லை. ஆம்ப்ளிபயரும் பாக்ஸும் பழகியவைதான். திரையில் வரும் சொற்கள்தான் தடுக்கின்றன. நிகழ்ச்சி நடுவே ஏதாவது கெட்டால், அந்தக் கோளாறுக்கு என்ன பெயர் என்று தெரிந்தவர் நேராக அந்த இடத்தில் கை வைப்பார். தெரியாதவர் எல்லா வயரையும் பிடுங்கிப் பார்ப்பார். அதனால் இங்கே அகரவரிசை பார்க்கவில்லை. பாட்டு ஃபைலில் கிளம்பி வளவில் (செட்டிநாட்டு வீட்டின் முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்) உட்கார்ந்திருப்பவர் காதுக்குப் போகும் வழியை ஒட்டியே, கொஞ்சம் முன்னே பின்னே, சொல்லியிருக்கிறோம்.

சாம்பிள் ரேட், பிட் டெப்த் என்று இரண்டு வருகிறதே, அவை என்ன?

ஒலி அலையை நொடிக்கு எத்தனை தடவை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறோம் என்பது சாம்பிள் ரேட். சிடிக்கு அது 44,100. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதால் வந்த கணக்கு. வீடியோக்காரர்கள் புழங்குவது 48,000.

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பது பிட் டெப்த். 16 பிட்டில் 65,536 படிகள் உண்டு. மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் இது 144. ஐந்நூறு பேர் பேசிக்கொண்டும் பந்திக்கு எழுந்துகொண்டும் இருக்கும் கல்யாண வீட்டில் பாட்டு ஓட்ட 16 பிட்டே தாராளம். மேடைக் கச்சேரியைப் பதிவு செய்யும்போது மட்டும் 24 வையுங்கள். லெவல் குறைவாகப் பிடித்துவிட்டாலும் பின்னால் இரைச்சல் ஏறாமல் தூக்கிக்கொள்ளலாம்.

கோளாறு வரும் இடம்: சவுண்ட் கார்டு 48,000-இல் நிற்க, மென்பொருள் 44,100 என்று நினைத்து அனுப்புவது. பெரும்பாலும் கணினி தானே மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டால் பாட்டு சுமார் 8.8 சதவீதம் வேகமாக ஓடும், சுதியும் ஏறும், ஆண் குரல் பையன் குரல் மாதிரி ஆகிவிடும். எல்லாப் பாட்டும் ஒரே அளவில் ஏறியிருந்தால் ஃபைலைக் குறை சொல்லாதீர்கள். மென்பொருளிலும் சவுண்ட் கார்டு அமைப்பிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

எம்பி3 போதுமா? வேவ், ஃப்ளாக் தேவையா?

320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 போதும். ஐந்து நிமிடப் பாட்டு வேவ் ஃபைலாக ஏறத்தாழ 53 எம்பி வரும். 320-இல் 12 எம்பி. 128-இல் 5 எம்பிக்கும் கீழே. ஃப்ளாக் என்பது எதையும் தூக்கி எறியாமல் மடித்து வைப்பது. விரித்தால் வேவில் இருந்தது அப்படியே திரும்பி வரும்.

128-இல் தாளமும் சிம்பலும் மண்டிப்போய்க் கேட்கும். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்ததை அது ஏற்கெனவே வெட்டியிருக்கும். அதைக் கன்வர்ட்டரில் போட்டு 320 ஆக்குவதில் பயன் இல்லை: சைஸ் பெருக்கும், போனது திரும்பாது. பென்டிரைவில் யாரோ கொடுத்த "320" பாட்டு இரும்புத் தகரம் மாதிரி ஒலித்தால் அது இந்த வகைதான். மொபைல் ஸ்பீக்கரில் இது தெரியாது. 15 இன்ச் பாக்ஸிலும் ஹாரன் டிரைவரிலும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

லேட்டன்சி, பஃபர் என்றால்?

பட்டனை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் உள்ள தாமதம் லேட்டன்சி. கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்பாது, தொட்டியில் நிரப்பி நிரப்பித்தான் கொட்டும். அந்தத் தொட்டியின் அளவு பஃபர். 44,100-இல் 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.8 மில்லிசெகண்ட்; 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.

பஃபரைக் குறைத்தால் கை வைத்தவுடன் சத்தம் வரும், ஆனால் கணினிக்கு மூச்சு வாங்கும். தொட்டி நிரம்புவதற்குள் காலியானால் "டிக், டிக்" என்று வெடிப்புச் சத்தம் கேட்கும். பாட்டு மாற்றி மாற்றிப் போடுவது மட்டும்தான் வேலை என்றால் 512 வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். ஸ்கிராட்ச் (தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புவது) செய்பவருக்குத்தான் 128, 256 எல்லாம்.

விண்டோஸ் லேப்டாப்பில் கண்ட்ரோலர் கம்பெனி தரும் ஆசியோ டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பொது டிரைவரில் ஓட்டினால் தாமதம் கூடும். வெடிப்பு வந்தால் வைஃபையை அணையுங்கள், ஆன்டிவைரஸ் ஸ்கேனை நிறுத்துங்கள், பவர் பிளானை முழுத் திறனுக்கு மாற்றுங்கள், யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி நேராகச் செருகுங்கள். இத்தனைக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால்தான் பஃபரை ஏற்ற வேண்டும். சித்திரை வைகாசியில் தகரப் பந்தலுக்குக் கீழே லேப்டாப் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் இதே சத்தத்தைத்தான் தரும். அடியில் இரண்டு மரக்கட்டை வைத்து ஒரு டேபிள் ஃபேன் திருப்பிவிட்டால் பாதி நோய் தீரும்.

புளூடூத்தில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் வருவது சாதாரணம். அதில் மிக்ஸ் செய்ய முயலவே வேண்டாம்.

பிபிஎம், பீட் கிரிட்: மென்பொருள் காட்டும் எண் ஏன் கைத்தட்டலோடு ஒத்துப்போவதில்லை?

நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது பிபிஎம். 120 என்றால் ஒரு தட்டுக்கு அரை நொடி. பாட்டின் அலைப்படத்தின் மேல் மென்பொருள் போடும் கோடுகள் பீட் கிரிட். சிங்க் (இரண்டு பாட்டின் தட்டையும் மென்பொருளே ஒன்றுசேர்ப்பது), லூப், எஃபெக்ட் எல்லாம் இந்தக் கோட்டை நம்பித்தான் ஓடுகின்றன. கோடு தப்பினால் அத்தனையும் தப்பும்.

நம் பாட்டுக்களில் இது இரண்டு விதமாகத் தப்புகிறது.

முதலாவது தாளக்கட்டு. இந்த மென்பொருள்கள் நான்கு தட்டுக் கணக்கில் பிறந்த கிளப் இசைக்காக எழுதப்பட்டவை. நம்முடைய குத்துப் பாட்டுகளிலும் கிராமியப் பாட்டுகளிலும் பாதி திஸ்ர நடை, தகிட தகிட என்று மும்மூன்றாகப் போகும். கை தட்டினால் 120 வரும் பாட்டை மென்பொருள் 180 என்றோ 90 என்றோ காட்டும். மும்மூன்றாக எண்ண வேண்டியதை இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டிருக்கிறது, அல்லது நான்கு நான்காக. 70-ஐ 140 என்று காட்டுவது வேறு, அது வெறும் இரட்டிப்பு. இரண்டால் வகுக்கும் பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். மூன்றின் கோளாறு அந்தப் பட்டனில் தீராது. டேப் பட்டனில் பாட்டோடு சேர்ந்து பதினாறு தட்டுத் தட்டுங்கள். வரும் எண்ணை வைத்துக்கொண்டு, முதல் அடி விழும் இடத்தில் கிரிட்டின் முதல் கோட்டை நகர்த்தி நிறுத்துங்கள்.

இரண்டாவது, வேகமே அசைவது. 1980களில் இசைக்குழு உட்கார்ந்து நேராக வாசித்துப் பதிவான பாட்டில் பல்லவி 118-இல் தொடங்கிச் சரணத்தில் 121-க்குப் போயிருக்கும். மனிதர்கள் வாசித்தால் அப்படித்தான், பாட்டுக்கு உயிர் வருவதும் அதனால்தான். ஆனால் ஒரே இடைவெளியில் போட்ட கோடு இரண்டாவது நிமிடத்திலேயே அடியை விட்டு விலகிவிடும். ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் பாட்டை அலசும்போது "டைனமிக்" என்று தேர்வு செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ்எக்ஸ் மென்பொருளில், வேகம் மாறாது என்று கருதும் அமைப்பை எடுத்துவிடுங்கள். அப்படியும் ஒட்டாத பாட்டுக்கு சிங்க் போடாதீர்கள், கையால் சேருங்கள்.

சிங்க் போட்டு மிக்ஸ் செய்வது கௌரவக் குறைவா?

இல்லை. கிரிட் சரியாக இருக்கிற பாட்டுக்கு சிங்க் நல்ல வேலைக்காரன், தப்பான பாட்டுக்கு நம்பிக்கைத் துரோகி. இரண்டு பாட்டின் வேகத்துக்கும் நடுவே ஆறேழு சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் சேர்க்கவே வேண்டாம். முதல் பாட்டை நிறுத்தி, ஒரு தட்டு மௌனம் விட்டு, அடுத்ததை அடியில் இறக்குங்கள். சபைக்கு அதுவே பிடிக்கும்.

கீ என்று 8ஏ, 8பி எனக் காட்டுகிறதே, அது நம் கட்டையா?

நம் கட்டைதான், வேறு உடுப்பில். ஆர்மோனியத்தில் 1 கட்டையை ஆதாரமாக வைத்த மேஜர் பாட்டு 8பி. கடிகார முகம்போல் 1 முதல் 12 வரை எண்கள். 'பி' மேஜர், 'ஏ' மைனர். பக்கத்து எண்ணுக்குப் போனால் ஒட்டும். 8பி-க்குப் பக்கத்து 9பி என்பது 5 கட்டை, அந்தப் பக்கத்து 7பி என்பது 4 கட்டை. சட்ஜமத்துக்குப் பஞ்சமமும் மத்யமமும் இசைவதுபோலத்தான், புதிதாக ஒன்றுமில்லை. அதே 8-இல் உள்ள ஏ-வுக்கு, அதாவது 6 கட்டை மைனருக்கு, தாவினாலும் உறுத்தாது.

அரைக் கட்டை ஏறினால் எண் ஏழு இடம் தள்ளிப் போய்விடும்: 1 கட்டை 8பி என்றால் 1½ கட்டை 3பி. காதுக்கும் அவ்வளவு தூரம்தான். 5 கட்டைப் பாட்டு முடியுமுன் 5½ கட்டைப் பாட்டை மேலே ஏற்றினால் கேட்பவர் பல்லைக் கடிப்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மென்பொருளுக்கு மேஜர், மைனர் இரண்டு மட்டுமே தெரியும், ராகம் தெரியாது. 1 கட்டையில் கல்யாணி பாடினால் அதன் சுரங்கள் 5 கட்டைச் சங்கராபரணத்தின் சுரங்களேதான். மென்பொருள் ஏமாந்து 9பி என்று எழுதும். 1 கட்டை அரிகாம்போதியை 7பி என்று எழுதும். மாயாமாளவகௌளை அதன் இரண்டு பெட்டியிலுமே அடங்காது, வாய்க்கு வந்ததைச் சொல்லும். எண்ணைப் பாருங்கள், ஆனால் ஹெட்போனில் இரண்டு பாட்டின் சட்ஜமத்தையும் ஒரு தடவை முனகிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். மேளம் முடிந்த கையோடு முதல் பாட்டைப் போடுவதாக இருந்தால் நாயனக்காரரிடம் கட்டை கேட்டுக்கொள்வதும் நல்லது. அவர் சொன்னதற்கு அரைக் கட்டை தள்ளி நிற்கும் பாட்டைத் தவிர்த்துவிடலாம்.

கீ லாக் என்பது வேகத்தை மாற்றினாலும் சுதியை மாறவிடாத பட்டன். சில கருவிகளில் மாஸ்டர் டெம்போ என்று எழுதியிருக்கும். அது அணைந்திருந்தால் வேகம் சுமார் 6 சதவீதம் ஏறும்போது சுதி அரைக் கட்டை ஏறும் (3-க்கும் 4-க்கும் நடுவே அரை கிடையாது, அங்கே முழுக் கட்டையாகவே தெரியும்). கீ லாக் போட்டு 8, 10 சதவீதம் இழுத்தால் நாதஸ்வரமும் குரலும் நடுங்க ஆரம்பிக்கும். பறையும் உறுமியும் மட்டும் உள்ள பாட்டுக்கு அதை அணைத்துவிடுவதே மேல், அடி கூர்மையாக இருக்கும்.

க்யூ என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறதே?

குழப்பம் நியாயமானது. பாட்டுக்குள் நீங்கள் வைக்கும் அடையாளம் ஒரு க்யூ. அதில் உடனே தாவ உதவுவது ஹாட் க்யூ. மிக்ஸரில் ஹெட்போன் படம் போட்ட க்யூ வேறு: சபைக்குப் போகாமல் உங்கள் காதுக்கு மட்டும் அனுப்புவது. அடுத்த பாட்டு பாக்ஸில் கேட்கிறது, ஹெட்போனில் கேட்கவில்லை என்றால் மென்பொருளில் மாஸ்டரும் ஹெட்போனும் சவுண்ட் கார்டின் ஒரே ஜோடியில் போய் உட்கார்ந்திருக்கும். 1-2 மாஸ்டருக்கு, 3-4 ஹெட்போனுக்கு என்று மாற்றுங்கள்.

லூப் ஒரு பகுதியைத் திருப்பித் திருப்பி ஓட்டும். குவான்டைஸ், நீங்கள் அழுத்துவது முன்னே பின்னே இருந்தாலும் பக்கத்துக் கோட்டில் கொண்டுபோய் ஒட்டும். ஸ்லிப், நீங்கள் விளையாடி முடித்ததும் பாட்டு தானாக ஓடியிருந்தால் எங்கே இருக்குமோ அங்கே போய்ச் சேரும்.

கெயின், ஃபேடர், மாஸ்டர் மூன்றும் சத்தம்தானே? எதைத் திருப்புவது?

கெயின் ஒவ்வொரு பாட்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதற்கு. ஃபேடர் மிக்ஸ் செய்வதற்கு. மாஸ்டர் மொத்தமாக ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவதற்கு. பழைய பாட்டு தணிவாகவும் இந்த வருடப் பாட்டு அறைவதுபோலவும் பதிவாகியிருக்கும், அதைச் சமன் செய்ய கெயினை மட்டும் தொடுங்கள். பாட்டின் மிக உரத்த இடத்தில் விளக்கு பச்சை தாண்டி மஞ்சளில் எட்டிப் பார்த்தால் போதும். டிஜிட்டலில் 0 டெசிபல்தான் கூரை. அதற்கு 6 டெசிபல் கீழே நிறுத்தி வைத்தால் அடுத்த பாட்டு சேரும்போது இடம் இருக்கும்.

சிவப்பு எரிந்தால் அலையின் தலை வெட்டுப்படுகிறது என்று பொருள். இதுதான் கிளிப்பிங். தலை வெட்டுப்பட்ட அலையில் மேல்சுர ஆற்றல் அளவுக்கு மீறி ஏறி ட்வீட்டருக்குப் போகும். "பாக்ஸ் 300 வாட், ஆம்ப்ளிபயர் 200 வாட்தானே, டயாபிரம் எப்படிப் போச்சு?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. சத்தம் பத்தவில்லை என்று மிக்ஸரில் சிவப்பை எரியவிடாதீர்கள், ஆம்ப்ளிபயரில் ஏற்றுங்கள். அதிலும் இடமில்லை என்றால் பாக்ஸ் பத்தவில்லை என்று அர்த்தம். இரண்டு மடங்கு வாட் போட்டாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும்.

பாட்டின் இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் காணோம். ஏன்?

மண்டபத்து மிக்ஸரில் லேப்டாப்பைச் செருகும்போது அடிக்கடி நடப்பது இது. லேப்டாப்பின் 3.5 ஓட்டையில் இருப்பது ஸ்டீரியோ: முனையில் இடது, வளையத்தில் வலது, அடியில் எர்த். மிக்ஸரின் மைக் சேனல் எதிர்பார்ப்பது பேலன்ஸ்டு. அதில் முனையில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்துக்கொள்வார்கள், வழியில் சேர்ந்த இரைச்சல் கழிந்துபோகட்டும் என்று. நீங்கள் ஒரு கன்வர்ட்டர் பின்னைப் போட்டு இதை அதில் செருகினால் இடதில் இருந்து வலது கழியும். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் முழுக்கக் கழிந்துபோகும். ஓரத்தில் வைத்த வயலினும் புல்லாங்குழலும் மட்டும் மிஞ்சும். பாஸ் டிரமும் பெரும்பாலும் போய்விடும்.

தீர்வு: 3.5-இல் தொடங்கி இரண்டு தனிப் பின்னாகப் பிரியும் வயர், இரண்டு லைன் சேனல். அல்லது ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (சாதாரண ஒலியை பேலன்ஸ்டாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி).

இதற்கு நேர்மாறாக, ஒரு பின்னை மட்டும் செருகி ஒரே ஆம்ப்ளிபயரில் ஊர் முழுக்க ஓட்டும்போது மறுபக்கத்தில் இருந்த வாத்தியம் அப்படியே காணாமல் போகும். திருவிழாவுக்குத் தெருநெடுக பாக்ஸ் கட்டுகிற வேலையில் மென்பொருளின் மாஸ்டரை மோனோவாக மாற்றிவிடுங்கள்.

"ம்ம்ம்" என்று ஓயாத உறுமல் வருகிறது. எதைக் கழற்றுவது?

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் எர்த் லூப்: லேப்டாப் ஒரு வழியாகவும் ஆம்ப்ளிபயர் இன்னொரு வழியாகவும் எர்த்தைத் தொடுவதால் நடுவே உள்ள ஆடியோ வயரில் 50 ஹெர்ட்ஸ் ஓடுகிறது. டிஐ பாக்ஸ் போட்டு எர்த் லிஃப்ட் சுவிட்சை மாற்றுங்கள். லேப்டாப், மிக்ஸர், ஆம்ப்ளிபயர் மூன்றையும் ஒரே போர்டில் எடுப்பது இன்னும் நல்லது. சீரியல் செட் விளக்குக்கும் ஜெனரேட்டருக்கும் தனி வழி. பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டு ஓட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உறுமல் நிற்கும், மைக்கைப் பிடித்தவருக்கு ஷாக் அடிக்கும்.

ஸ்டெம் என்பது என்ன?

ஒரு பாட்டைக் குரல், தாளம், பாஸ், மற்ற வாத்தியம் என்று பிரித்து வைப்பது. இப்போதைய மென்பொருள்கள் ஓடும்போதே பிரித்துத் தருகின்றன. தாளம் மட்டும் ஓடவிட்டு மேலே வேறு பாட்டின் குரலை ஏற்ற உதவும். லேப்டாப்புக்குப் பாரம் அதிகம், முன்கூட்டியே பிரித்துச் சேமித்துக்கொள்ளுங்கள். 128 ஃபைலில் செய்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். நாதஸ்வரத்தைச் சில சமயம் குரல் என்று எண்ணிக் கூடவே எடுத்துப் போகும். சிரிப்பு வந்தாலும் ஒரு விதத்தில் நாயனத்துக்குப் பாராட்டுதான்.

மிடி என்றால் ஒலியா?

இல்லை. 1983-இல் வந்த கட்டளை மொழி. "இந்தப் பொத்தான், இவ்வளவு" என்று 0 முதல் 127 வரை ஓர் எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். கண்ட்ரோலரில் ஒரு குமிழ் வேலை செய்யாவிட்டால் வயரைச் சந்தேகிக்காமல் மேப்பிங்கை (எந்தக் குமிழ் எதை இயக்கும் என்ற அமைப்பை) பாருங்கள்.

வளவில் பாட்டு குழம்பிப்போகிறதே, மென்பொருளில் என்ன மாற்றலாம்?

பழைய வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண். ஒன்றுகூட ஒலியை உறிஞ்சாது. வெறும் வளவில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், சுவருக்குச் சுவர் மோதிப் படபடவென்று திரும்பும். அங்கே ரிவெர்ப், எக்கோ இரண்டையும் அணைத்துவிடுங்கள். வீடே தருகிறது. ஈக்யூவில் (கீழ், நடு, மேல் ஒலியைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் இடம்) பாஸையும், 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியையும் மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். ஜமக்காளம் விரித்து ஆட்கள் உட்கார்ந்ததும் சத்தம் தெளியும், அப்போது கொஞ்சம் திருப்பி ஏற்றலாம். பாக்ஸைச் சுவரை நோக்கித் திருப்பாமல் ஆட்களை நோக்கிச் சற்றுக் குனிய வையுங்கள்.

முகப்பில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளில் இரண்டாம் கட்டிலும் பாக்ஸ் வைப்பீர்கள். ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 2.9 மில்லிசெகண்ட் எடுக்கும். முன் பாக்ஸுக்கும் பின் பாக்ஸுக்கும் 25 மீட்டர் இருந்தால், முன்னால் கிளம்பியது அங்கே 73 மில்லிசெகண்ட் கழித்து வந்து சேரும். பின் பாக்ஸ் உடனே பாடினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். டிஜிட்டல் மிக்ஸரில் பின் பாக்ஸின் அவுட்புட்டுக்கு 73 டிலே வையுங்கள். கூட ஒரு பத்து சேர்த்து 83 ஆக்கினால் சத்தம் முகப்பில் இருந்தே வருவதாகத் தோன்றும். இந்த டிலேயும் மென்பொருளின் எஃபெக்ட் பட்டியலில் உள்ள டிலேயும் பெயரில் மட்டும்தான் ஒன்று. அது தட்டுக் கணக்கில் எதிரொலி போடுவது, இதற்கு ஆகாது. இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் சம்மதப் பத்திரம்) வாசிக்கும்போது மைக்குக்கும் இந்த டிலே அப்படியே இருக்க வேண்டும். (அந்த இசை சம்மதம் என்ற இசை, பாட்டு அல்ல, பாட்டு அப்போது நின்றிருக்க வேண்டும்.)

பென்டிரைவைப் பிளேயர் படிக்க மாட்டேன் என்கிறது.

என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். ஃபேட்32-க்கு மாற்றுங்கள், பழைய பிளேயர்களும் படிக்கும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் நகல் எடுங்கள். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்ட முடியாது. 16 பிட் வேவில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 635 எம்பி, ஆகவே ஆறரை மணி நேரம் வரை தாங்கும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதால், சாயங்காலம் நான்கு மணிக்குப் பதிவைத் தொடங்கினாலும் ஒரே ஃபைலில் அடங்கிவிடும்.